நாலு கப்பலும் லஃபயெத்தும்: ஒரு மலைநாட்டுப் பையனைக் கடல் எப்படி மாற்றியது?

நீரோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவ வந்த பிரெஞ்சு இளைஞர் லஃபயெத்தைப் பற்றித் தமிழில் எங்கே படித்தாலும் ஒரே படம்தான் கிடைக்கிறது. இளம் பிரபு, குதிரை, கையில் வாள், பக்கத்தில் வாஷிங்டன். கொஞ்ச நாளாக அவருடைய கடிதங்களையும் அந்தக் காலக் கடற்படைச் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தில் குதிரை இருக்கிறது, கப்பல் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

மனிதர் பிறந்தது 1757இல், ஓவெர்ன் மலைநாட்டில், ஷவன்யாக் என்ற ஊரில். கடற்காற்றே எட்டாத இடம். அப்பா தரைப்படை வீரர். 1759இல் மின்டன் போரில் இறந்துபோனார், அப்போது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பையனுடைய வாழ்க்கையில் 1777 முதல் 1783 வரை நடந்த ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு கப்பல் வந்ததோ வராமல் போனதோதான் முடிவு செய்திருக்கிறது.

விக்துவார், அலையன்ஸ், எர்மியோன், வீல் தெ பரீ. இந்த நாலு கப்பல்களையும் பிடித்துக்கொண்டால் அவர் கதை முழுவதும் வந்துவிடும் என்பது என் எண்ணம். போர்க்களத்தில் காட்டிய வீரத்தை நான் குறைக்கவில்லை. பிராண்டிவைன் போரில் காலில் குண்டு வாங்கினவர் அவர். ஆனால் அவர் அந்தப் போருக்குச் செய்த பெரிய காரியம், கப்பலுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டதும், கப்பல்காரர்களுக்கும் தரைப்படைக்காரர்களுக்கும் நடுவே நின்று பேசியதும்தான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

பொதிகை

மாற்றுக் கருத்து இருக்கிறது நண்பரே. கடல் அவரை உருவாக்கவில்லை, காசு உருவாக்கியது. ஆண்டு வருமானமே ஒரு லட்சம் லிவ்ருக்கு (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) மேல். 16 வயதில் நொவாய் குடும்பத்தில் பெண் எடுத்தார், பிரான்சின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று அது. அந்தச் சம்பந்தம் இல்லாமல், பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர் சைலஸ் டீன் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி எழுதிக் கொடுத்திருப்பாரா? ஒரு போர்க்களத்தைக்கூடப் பார்த்திராத பையன் அப்போது. காசு இருந்தது, கப்பல் வாங்கினார். அதற்கு மேல் கடலுக்குப் பெருமை சேர்க்க வேண்டாம்.

நீரோட்டம்

பொதிகை, காசு இல்லையென்றால் கதையே இல்லை என்பது சரி. விக்துவாரை 1,12,000 லிவ்ர் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் வாங்கின பிறகு நடந்ததைப் பாருங்கள்.

1777 மார்ச் கடைசியில் போர்தோவிலிருந்து கப்பல் கிளம்புகிறது. அரசருக்கு விஷயம் தெரிந்துவிட்டதால் நேரே ஸ்பெயினின் பசாஹெஸ் துறைமுகத்துக்குப் போய் ஒதுங்குகிறார்கள். அங்கே உத்தரவு வந்து சேர்கிறது: இறங்கு, மாமனாரோடு இத்தாலிக்குப் போ. திரும்பி போர்தோ வருகிறார். மர்செய் போகிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டு, வழியில் வண்டிக்கு முன்னால் குதிரை ஓட்டும் ஆளாக வேஷம் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்பெயின் பக்கம் திரும்புகிறார். சேன்-ழான்-தெ-லூஸில் ஒரு விடுதிக்காரர் மகள் அடையாளம் கண்டுகொள்கிறாள். சைகையிலேயே ‘சொல்லாதே’ என்கிறார், அவளும் பின்னால் வந்தவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரல் 20, கப்பல் நங்கூரம் தூக்குகிறது.

இதுவரை காசின் கதை. இனிக் கடல். 54 நாள். நோய்ப்பட்டுப் படுத்துவிடுகிறார். கப்பலில் உருப்படியில்லாத இரண்டே பீரங்கி, எந்த ஆங்கிலக் கப்பல் எதிர்ப்பட்டாலும் பிடித்துக்கொண்டு போயிருக்கும். கொஞ்சம் தெம்பு வந்ததும் ஆங்கிலம் படிக்க ஆரம்பிக்கிறார். மே 30 அன்று மனைவி அத்ரியானுக்கு எழுதிய கடிதத்தில், கடல் இவ்வளவு சோகமாக இருக்கிறதே, நானும் அதுவும் ஒருவரை ஒருவர் சோகமாக்கிக்கொள்கிறோம் போல என்கிற பொருளில் ஒரு வரி வரும். பத்தொன்பது வயசு.

கப்பல் தலைவர் லெ பூர்சியே மேற்கிந்தியத் தீவுகளுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். கப்பல் காகிதங்களில் அப்படித்தான் எழுதியிருந்தது. லஃபயெத் ஒப்பவில்லை. உங்களை நீக்கிவிட்டு அடுத்தவரைத் தலைவராக்குவேன் என்று மிரட்டுகிறார். பிறகுதான் தெரிகிறது, அந்த மனிதர் சொந்தச் சரக்கு ஏற்றி வைத்திருக்கிறார், அது பிடிபட்டுவிடுமோ என்று பயம். சரக்குக்கு நான் பொறுப்பு என்று லஃபயெத் வாக்குக் கொடுத்த பிறகுதான் கப்பல் நேராகப் போகிறது. பதவிச் சீட்டு தராத பாடம் இது: மிரட்டல் ஓரளவுக்குத்தான் வேலை செய்யும், எதிராளியின் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் காரியம் நடக்கும். பின்னாளில் பெரிய பெரிய தளபதிகளிடம் அவர் பேசின முறையில் இதைப் பார்க்கலாம்.

கரை சேர்ந்ததும் விசித்திரம். ஜூன் 13. தென் கரோலினாவில் ஜார்ஜ்டவுன் பக்கம் நார்த் தீவு. எங்கே வந்திருக்கிறோம் என்றே சரியாகத் தெரியாமல் சிறு படகில் இறங்கிப் போகிறார்கள். இருட்டில் சிப்பி அள்ளிக்கொண்டிருந்த கறுப்பின அடிமைகள்தான் வழி காட்டுகிறார்கள். நள்ளிரவுக்கு எஜமானர் ஹியூஜர் வீட்டு வாசலுக்குப் போனால் நாய்கள் குரைக்கின்றன, உள்ளே இருப்பவர்கள் ஆங்கிலேயர்தான் இறங்கிவிட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். விடுதலைக்குப் போராட வந்தவருக்கு அந்த மண்ணில் முதல் கை கொடுத்தவர்கள் விடுதலை இல்லாதவர்கள். பிற்காலத்தில் அடிமை ஒழிப்புக்காக அவர் பேசினபோதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பிக் கரைதான் நினைவுக்கு வருகிறது.

தண்டல் பேரன்

அண்ணா, நான் தூத்துக்குடி. எங்க தாத்தா தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துற தலைவர், கொழும்பு ஓட்டம். அதனால நான் காத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்க சொன்ன கணக்கைப் பாருங்க. போறதுக்கு 54 நாள். 1779ல அலையன்ஸ்ல திரும்பி வந்தது ஜனவரி 11ல பாஸ்டன்ல கிளம்பி பிப்ரவரி 6ல பிரெஸ்ட் சேர்ந்தது, 26 நாள். அதே கடல்தான், பாதி நாள்! அந்த அட்சரேகையில மேற்கேயிருந்து கிழக்கே வீசுற காத்துதான் வருஷம் பூரா ஓங்கி நிக்கும். பிரான்ஸ்ல இருந்து அமெரிக்கா போறவன் ஒண்ணு காத்தை எதிர்த்து இழுத்து இழுத்துப் போகணும், இல்ல தெக்கே இறங்கி வியாபாரக் காத்தைப் பிடிச்சுச் சுத்திப் போகணும். திரும்பி வர்றவனுக்குக் காத்து முதுகுல. 1780ல எர்மியோன் 38 நாள்ல போச்சுன்னா அது நல்ல கப்பல், நல்ல தலைவன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒரு கேள்வி அனுப்பி பதில் வாங்க மூணு நாலு மாசம். பாரிஸ்ல எடுத்த முடிவு அமெரிக்கா போறதுக்குள்ள நிலைமை மாறிடும். எங்க ஊர்ல ஆனி ஆடியில சோழகக் காத்து தூக்கி அடிக்கையில தோணியைக் கரையேத்திப் பாயை அவுத்துட்டு, பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து வேலை பார்ப்பாங்க. தாத்தா வீட்டுலயே உக்காந்திருப்பார், கொழும்புல சரக்குக்காரன் என்ன அவசரத்துல இருந்தாலும் சரி. காத்துக்கிட்ட அவசரத்தைச் சொல்ல முடியாதுன்னு அவர் சொல்லுவார். லஃபயெத்துக்கு அது விளங்க ரெண்டு மூணு வருஷம் ஆச்சு போல.

இன்னொண்ணு. விக்துவார் என்னாச்சுன்னு யாரும் சொல்லல. சார்ல்ஸ்டன்ல அரிசி ஏத்திட்டு வெளிய வரும்போது முகத்துவாரத்து மணல்திட்டுல தட்டிப் போச்சு. திரும்ப பிரான்ஸ் பார்க்கவே இல்ல. மணல்திட்டுதான் இந்தப் போர்ல பாதி விஷயத்தை முடிவு பண்ணுச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

அலை வாசகி

தண்டல் பேரன் சொன்ன அந்த மூன்று நாலு மாதம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

லஃபயெத் கிளம்பியபோது மூத்த மகள் ஆன்ரியெத் கைக்குழந்தை, அத்ரியான் மறுபடி கர்ப்பம். 1777 ஜூலையில் அனஸ்தாசி பிறந்தாள். அக்டோபரில் ஆன்ரியெத் இறந்துபோனாள். அந்தச் செய்தி கடலைக் கடந்து அவர் கைக்குச் சேர்வதற்குள் குளிர்காலம் முழுவதும் போய்விட்டது. வேலி ஃபோர்ஜ் முகாமில் உட்கார்ந்து அவர் கடிதம் எழுதின மாதங்களில் எல்லாம், இல்லாத குழந்தையை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தேதிகளை நான் ஒரு தாளில் எழுதி வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் அன்றைக்கு வேறெதையும் படிக்க முடியவில்லை.

அத்ரியான் பக்கமும் அப்படித்தான். கணவர் பிராண்டிவைனில் செத்துவிட்டார் என்றுகூட வதந்தி வந்திருக்கிறது. நல்ல செய்தி ஒரு கப்பலில், கெட்ட செய்தி ஒரு கப்பலில், எது முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. கடல் அவரை மாற்றியது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை மட்டுமா மாற்றியது?

படைக்கலன்

கடிதம், காற்று எல்லாம் சரி, கடற்படைக்கு வருவோம். நீரோட்டம் சார் சொல்கிற அளவுக்குப் பிரெஞ்சுக் கடற்படை முதல் மூன்று வருடம் ஒன்றும் சாதிக்கவில்லை என்பது என் வாதம்.

1778 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெஸ்தேங் 12 பெரிய போர்க்கப்பல்களோடு தூலோனிலிருந்து கிளம்புகிறார். டெலவேர் வந்து சேர ஜூலை 8. கிட்டத்தட்ட மூன்று மாதம். அதற்குள் ஆங்கிலேயர் பிலடெல்பியாவைக் காலி செய்துவிட்டு நியூயார்க் போயாயிற்று. சில நாள் தாமதத்தில் போர் முடிய வேண்டிய வாய்ப்பு போனது. நியூயார்க் வாசலுக்கு, சாண்டி ஹூக்குக்குப் போகிறார். எதிரி உள்ளே, எண்ணிக்கையில் குறைவு, பலத்திலும் குறைவு. ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆழம் அதிகம் கேட்பவை, அந்த மணல்திட்டைத் தாண்ட முடியாது என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டார்கள். பல நாள் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஆகஸ்டில் நியூபோர்ட். தரையில் அமெரிக்கத் தளபதி சல்லிவன், கடலில் தெஸ்தேங். ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹவ்வின் கப்பல்கள் வருகின்றன என்றதும் தெஸ்தேங் வெளியே போகிறார், சண்டை பிடிக்கும் முன்னே புயல். தலைமைக் கப்பல் லாங்கெதோக் பாய்மரங்கள் எல்லாம் முறிந்து, சுக்கானும் போய், கட்டையாக மிதந்தது. பழுது பார்க்க பாஸ்டனுக்குப் போய்விட்டார்கள். சல்லிவன் படை அம்போவென்று நின்றது. 1779இல் சவான்னாவிலும் தோல்வி. அதே வருடம் இங்கிலாந்தின் மேலேயே படையெடுக்கக் கூடிய பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படை, அறுபதுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள், நோயில் ஆட்களை இழந்து ஒன்றும் செய்யாமல் பிரெஸ்ட் திரும்பியது. அந்தப் படையோடு இங்கிலாந்தில் இறங்க லஃபயெத் கரையில் காத்துக்கொண்டிருந்தார்.

இப்படித் தொடர்ந்து ஏமாற்றின கடற்படை ஒருவரை ‘உருவாக்கியது’ என்று எப்படிச் சொல்வது?

நீரோட்டம்

ஏமாற்றியதால்தான் என்று சொல்வேன் படைக்கலன்.

நியூபோர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தெஸ்தேங் போனதும் சல்லிவனும் மற்ற அமெரிக்க அதிகாரிகளும் கொதித்துப்போய் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார்கள், பிரான்சின் மானத்தையே தொடும் வகையில். லஃபயெத் கையெழுத்துப் போடவில்லை. முதலில் அவருக்கு வந்ததும் ஆத்திரம்தான், ஒரு பிரெஞ்சுக்காரனாக. வாஷிங்டனுக்கு மனம் நொந்து எழுதினார். அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். குதிரையில் ஏறி பாஸ்டனுக்குப் போனார், எழுபது மைல், ஏழு மணி நேரம். தெஸ்தேங்கிடம் பேசி, பாஸ்டன் பெரியவர்களையும் சமாதானப்படுத்திவிட்டு, பின்வாங்கும் படையோடு நிற்க ஆறரை மணி நேரத்தில் திரும்பிவந்தார்.

அந்தப் பயணத்தில்தான் அவர் வேலை மாறியது என்று நினைக்கிறேன். போகும்போது வீரம் காட்ட வந்த இளைஞர். வரும்போது, இரண்டு நாட்டுப் படைகளுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம். கப்பல்காரனுக்குப் புயலும் மணல்திட்டும் ஆழமும் தெரியும், தரைக்காரனுக்குத் தெரியாது. தரைக்காரனுடைய பசியும் ஊதியப் பாக்கியும் கப்பல்காரனுக்குப் புரியாது. அந்த இரண்டும் தெரிந்தவர்கள் அங்கே மிகக் குறைவு.

1779இல் விடுப்பில் ஊர் திரும்பின அலையன்ஸ் பயணத்தையும் விட்டுவிட மனமில்லை. ஆள் பற்றாக்குறையால் அந்தக் கப்பலில் ஆங்கிலேயக் கைதிகளையும் படையைவிட்டு ஓடிவந்தவர்களையும் மாலுமிகளாகச் சேர்த்திருந்தார்கள். கிளர்ச்சிக்காரர் கப்பலைப் பிடித்துக்கொண்டு வந்தால் கப்பலின் மதிப்பு உங்களுக்கே என்று ஆங்கில அரசு அறிவித்திருந்தது. சும்மா இருப்பார்களா? அதிகாரிகளைக் கொன்று கப்பலை ஆங்கிலேயத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத் திட்டம். அயர்லாந்தில் வாழ்ந்ததால் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்ட ஓர் அமெரிக்க மாலுமியை அயர்லாந்துக்காரன் என்று நம்பித் திட்டத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர் போய் உடைத்துவிட்டார். லஃபயெத்தும் மற்ற அதிகாரிகளும் வாளோடு மேல்தளத்துக்கு ஓடி, முப்பதுக்கும் மேற்பட்டவர்களை விலங்கிட்டார்கள். அதற்கு முன்பே நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஒரு புயல் பாய்மரத்து உச்சியை முறித்திருந்தது.

ஊர் வந்து சேர்ந்தால், அரசர் உத்தரவை மீறிப் போனதற்காக எட்டு நாள் வீட்டுக்காவல், மாமனார் மாளிகையிலேயே. அது முடிந்ததும் அரண்மனையில் அவர் கேட்டது பதவியோ பட்டமோ இல்லை: படையும் பணமும் கப்பலும். 1780 மார்ச்சில் ரொஷ்ஃபோரிலிருந்து எர்மியோனில் ஏறியபோது அந்தச் செய்தி அவர் பையில் இருந்தது. பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்களோடு வருகிறார், கூடவே கடற்படையும் என்று வாஷிங்டனிடம் சொல்லப் போகிறார்.

தண்டல் பேரன்

எர்மியோன் பத்தி ஒரு வார்த்தை. முதல்ல கிளம்பினப்பவே பருமல் முறிஞ்சு திரும்பி வந்தாங்க. மார்ச் 20தான் சரியாக் கிளம்புனது. பருமல்னா பாயைக் கட்டித் தொங்கவிடுற குறுக்குக் கட்டை, அது போச்சுன்னா பெரிய பாய் இல்ல. 32 பீரங்கிக் கப்பல், தலைவர் லத்தூஷ்-த்ரெவீல். அந்தக் கப்பலை அப்படியே மறுபடி ரொஷ்ஃபோர்ல செஞ்சாங்க, 1997ல ஆரம்பிச்சு 2015ல அமெரிக்கா வரைக்கும் பாய் விரிச்சுப் போயிட்டு வந்துச்சு. ஆனா பாருங்க, சில வருஷத்துலயே மரத்துல பூஞ்சை பிடிச்சு, பழுது பார்க்க ஏத்திட்டாங்க. ஓக் மரம் எவ்வளவு உறுதின்னாலும் நல்ல தண்ணி உள்ள தேங்குனா அவ்ளோதான். உப்புத்தண்ணி மரத்தைக் காப்பாத்தும், மழைத்தண்ணி கொல்லும். தோணிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பழையகாலக் கடற்படைன்னா சண்டைக்கு முன்னாடி இந்த வேலையைத்தான் நினைக்கணும்: மரம், கயிறு, கீல், கலப்பத்து, செப்பனிட ஒரு துறைமுகம். தெஸ்தேங் பாஸ்டனுக்குப் போனதைக் கோழைத்தனம்னு சொன்னவங்க சுக்கான் இல்லாத கப்பல்ல ஒரு ராத்திரி இருந்து பார்த்திருக்கணும்.

பொதிகை

ஒத்துக்கொள்கிறேன், கடல் அவரைப் பக்குவப்படுத்தியது. ஆனால் 1781? யார்க்டவுனை வென்றது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸ். லஃபயெத் வர்ஜீனியாவில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸுக்குப் பின்னால் போய்க்கொண்டு காத்திருந்தார், அவ்வளவுதானே. காத்திருப்பதை ஒரு சாதனையாக எழுத முடியுமா?

நீரோட்டம்

எழுதலாம். எழுதவே வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1781 பிப்ரவரியில் 1,200 வீரர்களோடு வர்ஜீனியாவில், ஆங்கிலேயர் பக்கம் மாறிவிட்ட அமெரிக்கத் தளபதி ஆர்னால்டைப் பிடிக்க அவரை அனுப்புகிறார்கள். திட்டம் முழுக்க ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருவதை நம்பியே இருக்கிறது. மார்ச் 16 கேப் ஹென்ரிக்கு அப்பால் சண்டை, பிரெஞ்சுத் தளபதி தெத்தூஷின் கப்பல்கள் நியூபோர்ட் திரும்பிவிடுகின்றன. லஃபயெத்தின் படை அன்னாபொலிஸில் நிற்கிறது, கடல் வழி அடைபட்டுவிட்டது. வடக்கே திரும்புகிறார், மறுபடி தெற்கே போகச் சொல்லி உத்தரவு. வீரர்களுக்குச் சட்டை இல்லை, செருப்பு இல்லை, ஓடிப்போக ஆரம்பிக்கிறார்கள். பால்டிமோர் வணிகர்களிடம் தன் பெயரில் 2,000 கினி (ஆங்கிலப் பொற்காசு) கடன் வாங்கித் துணி எடுக்கிறார், ஊர்ப் பெண்கள் சட்டை தைத்துத் தருகிறார்கள். அவருடைய காசைப் பற்றிச் சொன்னீர்களே பொதிகை, அது நல்லவிதமாகச் செலவான இடம் இதுதான்.

அப்புறம் கோடை முழுவதும் கார்ன்வாலிஸோடு நேருக்கு நேர் மோதாமல், விட்டும் விலகாமல் கூடவே போகிறார். ஆகஸ்டில் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் போய் உட்கார்கிறார். ஏன் அங்கே? அவருக்கும் கடல்தான் காரணம். ஆங்கிலக் கப்பல்கள் வந்து நிற்க ஆழமான துறை வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்தத் துறையே பொறியாகும் என்று அவருக்குத் தெரியாது. பிரெஞ்சுக் கப்பல்கள் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று லஃபயெத்துக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை அந்தக் கப்பல்கள் வராமல் போனதைப் பார்த்தவர்.

ஆகஸ்ட் கடைசியில் தெ கிராஸ் 28 பெரிய கப்பல்களோடு வந்துவிடுகிறார். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஸ்பானிய அதிகாரி சாவேத்ராவின் உடன்பாடு இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளை ஸ்பானியக் கப்பல்கள் பார்த்துக்கொள்ளும் என்றதால்தான் அத்தனை கப்பலையும் வடக்கே கொண்டுவர முடிந்தது. படைச் செலவுக்கு ஹவானாவில் ஐந்து லட்சம் பேசோ திரட்டினார்கள். கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் கொழித்த தீவுகள் அவை. அந்தச் செல்வத்தைக் காக்கக் கட்டின கப்பற்படைதான் அமெரிக்க விடுதலையைக் காப்பாற்றியது. இதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது நீங்கள் கேட்ட காத்திருப்பு. 3,200 பிரெஞ்சு வீரர்கள் சேன்-சிமோன் தலைமையில் லஃபயெத்தின் படையோடு சேர்கிறார்கள். தெ கிராஸுக்கு நேரம் இல்லை, தீவுகளுக்குத் திரும்ப வேண்டும். வாஷிங்டன் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே தாக்கு என்கிறார். சேன்-சிமோனும் அதையே சொல்கிறார். ஆகஸ்ட் கடைசியா, செப்டம்பர் முதலா, அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். 23 வயது. யார்க்டவுன் வெற்றி முழுவதும் தன் பெயரில் வரும். நான்கு வருடம் முன்னால் விக்துவாரில் ஏறின பையனாக இருந்தால் வாளை உருவியிருப்பான். இவர் மறுத்துவிட்டார். வாஷிங்டனும் ரோஷாம்போவும் வந்தால் குறைந்த உயிர்ச்சேதத்தில் முடியும் என்று காரணம் சொன்னார்.

செப்டம்பர் 5. தெ கிராஸின் 24 கப்பல்கள் ஆங்கிலத் தளபதி கிரேவ்ஸின் 19 கப்பல்களை விரிகுடா வாசலில் எதிர்கொள்கின்றன. மாலுமிகளில் பலர் கரையில் படையை இறக்கும் வேலையில் இருந்ததால் ஆள் குறைவோடுதான் பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியே போயின. யார் கப்பலும் பெரிதாக மூழ்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் நியூயார்க் திரும்பினார்கள், அதற்குள் முற்றுகைப் பீரங்கிகளோடு இன்னொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பராஸ் நியூபோர்ட்டிலிருந்து உள்ளே நுழைந்துவிட்டார். கார்ன்வாலிஸுக்குக் கடல் கதவு சாத்தப்பட்டது.

மாதக் கடைசியில் இன்னொரு கண்டம். புது ஆங்கிலக் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தி கேட்டுத் தெ கிராஸ் வெளிக்கடலுக்குப் போகலாம் என்று எண்ணுகிறார். போனால் நியூபோர்ட் கதை மறுபடி. வாஷிங்டன் கடிதம் எழுதி யாரிடம் கொடுத்து அனுப்புகிறார்? காய்ச்சலோடு இருந்த லஃபயெத்திடம்தான். அவர் வீல் தெ பரீ கப்பலுக்குப் போகிறார். ஏழாண்டுப் போரில் அடிபட்ட கடற்படையை மீட்கப் பாரிஸ் நகரம் தன் செலவில் அரசருக்குக் கொடுத்த கப்பல் அது. தெ கிராஸ் இருந்த இடத்திலேயே இருந்தார். அக்டோபர் 19 யார்க்டவுன் சரணடைந்தது, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடு.

வாஷிங்டன் அடுத்த மாதமே லஃபயெத்துக்கு எழுதினார்: பகலுக்குப் பின் இரவு வருவது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம், தீர்மானமான கடற்படை இல்லாமல் நம்மால் எதையும் முடிக்க முடியாது என்ற கருத்தில். வேறு எத்தனையோ பேர் இருக்க, இதை அவர் லஃபயெத்துக்கு எழுதினார். கடற்படையைக் கேட்டு வாங்கிவர இவரால்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கெடிலக்கரை

நான் கடலூர்க்காரன். இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இனி முடியாது. தெ கிராஸ் பற்றிப் பேசிவிட்டு எங்கள் கரையை விட்டுவிட்டீர்கள்.

தெ கிராஸ் 1781 மார்ச் 22 பிரெஸ்டிலிருந்து கிளம்பியபோது கூடவே ஐந்து பெரிய கப்பல்களோடு கிளம்பினவர் இன்னொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென். ஒரு வாரத்தில் வழி பிரிந்தார்கள். ஒருவர் மேற்கே, யார்க்டவுனுக்கு. மற்றவர் ஆப்பிரிக்காவைச் சுற்றி எங்கள் கடலுக்கு. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12 இலங்கைக் கிழக்குக் கரையில் புரொவிடியன், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பர் 3 திருகோணமலை, 1783 ஜூன் 20 கடலூர். ஐந்து சண்டை, ஐந்திலும் எதிரே ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ். நடுவே, 1782 ஜூலையில், கடலூரில் ஐதர் அலியைச் சந்தித்தார். அந்த ஏப்ரல் 12ஆம் தேதியைக் கவனியுங்கள். அதே நாள் மேற்கிந்தியக் கடலில் தெ கிராஸ் தோற்று, வீல் தெ பரீயோடு பிடிபட்டார். பிரெஸ்டிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள், ஒரே நாளில் உலகத்தின் இரண்டு மூலையில்.

பாண்டிச்சேரியில் சுஃப்ரென் பெயரில் தெரு இருக்கிறது, எல்லாரும் நடந்துபோகிறோம். அவர் யாரோடு புறப்பட்டார் என்று கேட்டால் அந்தத் தெரு யார்க்டவுன் வரை போகிறது.

அலை வாசகி

கெடிலக்கரை ஐயா, இது எனக்குத் தெரியாது. நன்றி. போர் முடிந்த செய்தி உங்கள் ஊருக்கு எப்போது வந்தது?

நீரோட்டம்

அதற்கு லஃபயெத்தின் கடைசிக் கப்பல் கதையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1782 கடைசியில் அவர் ஸ்பெயினில், காதிஸ் துறைமுகத்தில் இருந்தார். ஜமைக்காவைப் பிடிக்க தெஸ்தேங் தலைமையில் பெரிய கப்பற்படை திரண்டுகொண்டிருந்தது. 1783 ஜனவரி 20 அமைதிக்கான முதல் உடன்பாட்டில் கையெழுத்தாகிவிட்டதால் அது புறப்படவே இல்லை. உடனே தெஸ்தேங்கிடம் வேகமான கப்பல் ஒன்று கேட்டு வாங்கினார் லஃபயெத், பெயர் திரியோம்ஃப். பொது அமைதி வந்துவிட்டது என்ற செய்தி பிலடெல்பியாவுக்கு அதில்தான் முதலில் போனது, மார்ச்சில். தானே அதில் ஏறிப் போக ஆசைப்பட்டவர், ஸ்பெயினில் அமெரிக்காவுக்காகச் செய்ய வேண்டிய தூது வேலை இருந்ததால் கரையில் நின்றுவிட்டார்.

கடலூர்ச் செய்தியைக் கடலூர்க்காரரே சொல்லட்டும்.

கெடிலக்கரை

1783, கடலூர். கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புசி, வெளியே முற்றுகையிட்ட ஆங்கிலப் படை. ஜூன் 13இல் தரையில் பெரிய சண்டை. ஜூன் 20இல் கடலில், சுஃப்ரெனிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஜூன் 29 அன்று வெள்ளைக்கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து அமைதிச் செய்தியைக் கொடுத்தது.

ஜனவரி 20இல் கையெழுத்து. ஜூன் 13இலும் 20இலும் கடலூரில் செத்தவர்கள் எல்லாரும், முடிந்துபோன ஒரு போரில் செத்தவர்கள்.

தண்டல் பேரன்

திரியோம்ஃப் மேற்கே போன மாதிரி கிழக்கேயும் ஒண்ணு சீக்கிரம் வந்திருந்தா.